கன்டெய்னருக்குள் கிராபிக்ஸ் கார்டு: எந்தக் கதவைத் திறக்கிறோம்?

ரொறன்ரோவுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உறவு பழையது. 1985இல் பிறந்த ஏடிஐ நிறுவனம் அருகிலுள்ள மார்க்கம் நகரில் இருந்துகொண்டு உலகெங்கும் கார்டு விற்றது. 2006இல் அதை வாங்கிய ஏஎம்டி இன்றும் அங்கே இயங்குகிறது. 2012இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய அலெக்ஸ்நெட், கணினி விளையாட்டுக்கென விற்கப்பட்ட இரண்டு என்விடியா கார்டுகளில்தான் பயிற்றப்பட்டது. இன்று மாணவர்களும் சிறு ஸ்டூடியோக்காரரும் ப்ளெண்டரையோ செயற்கை நுண்ணறிவு மென்பொருளையோ டொக்கர், எல்எக்ஸ்டி போன்றவை தரும் கன்டெய்னர் எனும் தனியறைகளுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். ஒரு மென்பொருளின் பதிப்பு இன்னொன்றோடு மோதாது, கணினியும் குப்பையாகாது. நல்ல பழக்கம்தான். ஆனால், "கன்டெய்னருக்குள்தானே ஓடுகிறது, வெளியே எதுவும் ஆகாது" என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

சுவர் எங்கே மெலிகிறது?

ஸ்காபரோவில் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடும் வீட்டில் வாசல் தனி, ஆனால் ஹீற்றர் பொது. கன்டெய்னரும் அப்படித்தான்: கோப்புகள் தனி, இயங்குதளத்தின் மையமான கெர்னல் பொது. கிராபிக்ஸ் கார்டை உள்ளே கொடுக்கும்போது அதன் டிரைவரும் பொதுவாகிறது. டிரைவரில் ஓட்டை இருந்தால் கன்டெய்னர் அதை மறைக்காது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கன்டெய்னருக்குள் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையைத் தட்டினால், கார்டின் பெயருக்குப் பதில் 'எல்எல்விஎம்பைப்' என்று சிலசமயம் வரும். கார்டு எட்டவில்லை, வேலையெல்லாம் பிராசசரின் தலையில் விழுகிறது என்று பொருள். பொறுமை இழந்து, எல்லா அனுமதியும் தரும் 'பிரிவிலேஜ்ட்' கொடியோடு கன்டெய்னரைத் திறக்கிறார்கள். படம் ஓடுகிறது, பாதுகாப்புப் போய்விடுகிறது. பெரும்பாலும் காரணம் சிறியது: கார்டைத் தொட அனுமதி தரும் 'ரெண்டர்' குழுவின் எண் உள்ளும் வெளியும் பொருந்தாமல் இருக்கும், அல்லது என்விடியா டிரைவரின் பதிப்பு இரண்டு பக்கமும் வேறாக இருக்கும்.

திரையிலும் இதே கதைதான். 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' என்று தட்டினால் எக்ஸ்11 திரையின் அனுமதிச் சோதனையே நீங்கிவிடும். அதன்பின் கன்டெய்னருக்குள் இருக்கும் நிரல், நீங்கள் பிரவுசரில் தட்டும் வங்கிக் கடவுச்சொல்லையும் படிக்கலாம். திரையையும் படம் பிடிக்கலாம்.

உண்மையில் நடந்தவை

2024 ஜனவரியில் டிரெய்ல் ஆஃப் பிட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் 'லெஃப்ட்ஓவர்லோக்கல்ஸ்' என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். ஏஎம்டி, ஆப்பிள், குவால்கொம் உள்ளிட்ட நிறுவனங்களின் சில சிப்களில், ஒரு நிரல் கார்டின் நினைவகத்தில் விட்டுச்சென்றதை இன்னொரு நிரல் வாசிக்க முடிந்தது. இடையில் கன்டெய்னர் எல்லை இருந்தும் பயனில்லை.

2024 செப்டெம்பரில், கார்டைக் கன்டெய்னருக்குள் கொடுக்கும் என்விடியா கன்டெய்னர் டூல்கிட்டில் விஸ் நிறுவனம் கண்டுபிடித்த ஓட்டை வெளியானது. கன்டெய்னரை உருவாக்கும் அச்சான இமேஜ் தீங்கானதாக இருந்து, அதை ஓட்டினால் போதும், அது வெளிக்கணினியைக் கைப்பற்றலாம். 1.16.2 பதிப்பில் வந்த திருத்தமும் முழுமையாக இல்லை. 2025 ஜூலையில் இன்னொரு ஓட்டை. இமேஜைச் செய்யும் மூன்றே வரி டொக்கர்ஃபைல் அதற்குப் போதுமாக இருந்தது. அது 1.17.8 பதிப்பில் அடைபட்டது.

என்ன செய்யலாம்?

• 'பிரிவிலேஜ்ட்' வேண்டாம். கார்டுக்கு வேண்டிய சாதனக் கோப்புகளை மட்டும் உள்ளே கொடுங்கள். குழு எண்ணைச் சரிசெய்யுங்கள்.
• எல்எக்ஸ்டியில் 'அன்பிரிவிலேஜ்ட்' கன்டெய்னரையே வைத்திருங்கள்.
• முடிந்தால் எக்ஸ்11க்குப் பதிலான வேலண்ட் திரைக்கு மாறுங்கள். எக்ஸ்11 தவிர்க்க முடியாவிட்டால் தனி எக்ஸ் சேர்வரில் ஓட்டுங்கள்.
• டிரைவர், கெர்னல், டூல்கிட் மூன்றையும் புதுப்பித்து வையுங்கள். யார் செய்தது என்று தெரியாத இமேஜைத் தொடாதீர்கள்.
• கிளவுடில் கார்டை வாடகைக்கு எடுக்குமுன் கேளுங்கள்: அதே கார்டு வேறு வாடிக்கையாளருக்கும் போகிறதா? நடுவில் மெய்நிகர் இயந்திரம் உண்டா, கன்டெய்னர் மட்டும்தானா?

சட்டம் தரும் உரிமை

வாடிக்கையாளரின் கல்யாணப் படங்களைத் தொகுக்கும் சிறு ஸ்டூடியோவும் வணிகமே. பிபீடா என்ற கனடியக் கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டம் அதையும் கட்டுப்படுத்தும். 2018 நவம்பர் 1 முதல், தகவல் கசிந்து பெருந்தீங்கு நேரக்கூடிய உண்மையான அபாயம் இருந்தால், தனியுரிமை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிப்பது கட்டாயம். ஒவ்வொரு கசிவின் பதிவையும் 24 மாதம் வைத்திருக்க வேண்டும். தெரிந்தே அறிவிக்காமல் விட்டால் ஒரு இலட்சம் டொலர் வரை அபராதம் விழலாம்.

உங்கள் கோப்புகள் வேறொரு நிறுவனத்தின் கணினியில் இருந்தால், உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலை எழுத்தில் கேளுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். பதிலில் திருப்தி இல்லையென்றால் தனியுரிமை ஆணையர் அலுவலகத்தில் (1-800-282-1376) முறையிடலாம், கட்டணம் இல்லை. பணம் பறிபோனால் முதலில் வங்கிக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள், பிறகு கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் (1-888-495-8501) சொல்லுங்கள்.

ஊடுருவல் நடந்ததாகச் சந்தேகம் வந்தால் பதற்றத்தில் கன்டெய்னரை அழித்துவிடாதீர்கள். சாட்சியமும் சேர்ந்து அழிந்துவிடும். இணையத்தைத் துண்டியுங்கள், லொக் கோப்புகளையும் இமேஜையும் பிரதி எடுங்கள், கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். பிறகு கன்டெய்னரோடு நில்லாமல் முழுக் கணினியையும் புதிதாக நிறுவுங்கள். கன்டெய்னரை விட்டு வெளியேறியவன் தங்கியிருக்கும் இடம் அதுதான்.