அடி மேல் அடி

ராஜஸ்தானின் நாடோடிக் கொல்லர்கள் இன்னமும் கையால்தான் கோடரி அடிக்கிறார்கள். அடுத்த தலைமுறை சம்மட்டியை ஏந்துமா?

கார்த்திகை மாதத்துக் காலைக் குளிர் இன்னும் விலகவில்லை. ஜோத்பூரிலிருந்து நாகௌர் போகும் சாலையின் ஓரத்தில் ஒரு மரவண்டி நிற்கிறது. பக்கங்களில் பித்தளைப் பூண் வேலை; நுகத்தில் மாடுகள் இல்லை. அருகே தரையில் தோண்டிய குழிதான் உலை. பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றைப் பெல்ட் போட்டு ஊதுவிசிறியோடு இணைத்திருக்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றுகிற பத்து வயதுச் சிறுமி பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள். மண்ணில் பாதி புதைந்த இரும்புக் கட்டியே பட்டடை. அதன் ஒரு பக்கம் குறடோடு குந்தியிருக்கிறான் 19 வயது இளைஞன். எதிரே, கை நிறைய வளையல்களோடு, நீண்ட பிடி போட்ட சம்மட்டியை ஊன்றி நிற்கிறார் அவனது தாய்.

இன்று அடிக்க வேண்டியது ஒரு கோடரி. ரொட்டி சுடும் தவா, இடுக்கி, அரிவாள் எல்லாம் அவன் இரண்டு வருடமாகத் தனியாகவே செய்கிறான். கோடரி வேறு விஷயம். அதில் இரண்டு கட்டங்கள் - பற்றவைப்பும் தோய்ச்சலும் - எப்போதும் தந்தையின் பொறுப்பு. இரண்டுக்கும் கை பலத்தைவிடக் கண் முக்கியம். இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டை அளக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நெருப்பை உற்றுப் பார்த்த தந்தையின் கண்களில் இப்போது புரை படர்ந்திருக்கிறது.

போன குளிர்காலத்தில் அவர் செய்து கொடுத்த கோடரி ஒன்று நேற்று வாய் உடைந்து திரும்பி வந்தது. வெட்டுவாயில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிறை வடிவில் ஒரு துண்டு காணோம். கொண்டு வந்த விவசாயி பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வருகிறேன், வேறு கோடரி கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது யாருடைய கைத் தவறு என்று வண்டியைச் சுற்றி யாரும் பேசவில்லை. வண்டி நிழலில் உட்கார்ந்திருக்கும் தந்தையும் பேசவில்லை.

இவர்கள் காடியா லோஹர்கள். 'காடி' என்றால் வண்டி, 'லோஹர்' என்றால் கொல்லர். மேவார் அரசர்களின் படைக்கு ஆயுதம் செய்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. 1568-ல் சித்தோர்கட் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது அவர்கள் சபதம் செய்தார்களாம். கோட்டையை மீட்கும்வரை அதற்குள் கால் வைப்பதில்லை, கூரை வீட்டில் வாழ்வதில்லை, கட்டிலில் படுப்பதில்லை, இரவில் விளக்கேற்றுவதில்லை, கிணற்றில் நீர் இறைக்கக் கயிறு வைத்துக்கொள்வதில்லை. அதனால்தான் வண்டியில் கட்டிலைக் கவிழ்த்து ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1955 ஏப்ரல் 6 அன்று பிரதமர் நேருவே முன்னால் நடந்து இவர்களைச் சித்தோர்கட் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். நாடு விடுதலை பெற்றுவிட்டது, சபதம் முடிந்தது, இனி வீடுகளில் வாழலாம் என்பது அதன் பொருள். சபதம் முடிந்ததே தவிரப் பயணம் முடியவில்லை. நிலம் இல்லாதவனுக்குக் குடியேற்றம் சோறு போடாது. வாடிக்கையாளர்கள் கிராமம் கிராமமாகச் சிதறிக் கிடந்தார்கள்.

மார்வார் விவசாயிக்கு இந்தப் பருவத்தில் கோடரி இல்லாமல் முடியாது. வயல் நடுவே நிற்கும் கேஜ்ரி மரங்களை - நம் ஊர் வன்னி மரம்தான் அது - கழிப்பது இப்போதுதான். உலர்ந்த இலைக்கு 'லூங்' என்று பெயர். ஆடு, ஒட்டகங்களுக்கு அதுதான் தீவனம். முள் கிளைகள் வேலிக்கும் அடுப்புக்கும். மரத்தை வெட்டிச் சாய்ப்பது வேறு கதை. இதே ஜோத்பூர் வட்டாரத்தில், கேஜ்ரலி கிராமத்தில், 1730-ல் மன்னரின் ஆட்கள் கேஜ்ரி மரங்களை வெட்ட வந்தபோது மரங்களைக் கட்டிப்பிடித்து பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் உயிர் விட்டதாக வரலாறு. 1983-ல் கேஜ்ரி ராஜஸ்தானின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. இங்கே கோடரி கிளையைக் கழிக்கத்தான். அடிமரத்தில் வைக்க அல்ல. மரத்தில் ஏறி ஒற்றைக் கையால் வீச வேண்டும் என்பதால் அதன் தலை ஏறத்தாழ முக்கால் கிலோவோடு நிற்க வேண்டும்.

இரும்பு இரண்டு வகை. உடலுக்குப் பழைய மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை. மென்மையானது, வளையும், உடையாது. வெட்டுவாய்க்கு லாரியின் ஸ்பிரிங் பட்டை. கரிச்சத்து அதிகமுள்ள எஃகு, கூர் நிற்கும். முழுவதும் எஃகாலேயே செய்துவிடலாமே என்று கேட்கலாம். ஸ்பிரிங் பட்டை காசு. வண்டிப் பட்டையோ, மாட்டு வண்டிகள் ஒழிந்துவிட்டதால், காயலான் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தவிர, காம்பு நுழையும் துளையைச் சுற்றி இரும்பு மிருதுவாக இருந்தால்தான் அடியின் அதிர்ச்சியைத் தாங்கும்.

ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக வெட்டி எடுத்த வண்டிப் பட்டை ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் பட்டடைக்கு வருகிறது. மகன் கைச்சுத்தியால் ஓரிடத்தைத் தட்டிக் காட்டுகிறான். அதே இடத்தில் தாயின் சம்மட்டி இறங்குகிறது. சுத்தி 'டிக்', சம்மட்டி 'டம்'. சுத்தி பட்டடையின் வெறும் முனையைத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். பேச்சே இல்லை. காடியா லோஹர்களிடையே சம்மட்டி வீசுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. குறடு பிடிப்பவன் உட்கார்ந்திருப்பான். வீசுகிறவர் நின்றாக வேண்டும்.

பட்டையின் நடுப்பகுதியை மட்டும் மெல்லியதாக்கி, அச்சு இரும்பின் மேல் சுற்றி மடிக்கிறான். மடிப்பில் உண்டாகும் வளையம்தான் காம்புத் துளை. இரண்டு முனைகளும் புத்தகத்தின் அட்டைகள்போல எதிரெதிரே நிற்கின்றன. அவற்றுக்கிடையே இரண்டு விரல் அகல ஸ்பிரிங் துண்டைச் செருகித் தட்டி இறுக்குகிறான். மேலே வெண்காரப் பொடி. அது உருகிக் கண்ணாடிபோல் பரவி, இரும்பின் மேல் படியும் செதிலைக் கரைத்து வெளியேற்றும். செதில் இடையில் நின்றுவிட்டால் இரும்பும் இரும்பும் ஒட்டாது.

இனிமேல்தான் கண்ணுக்கு வேலை. பற்றவைப்புக்கு 1,250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் இரும்பு மஞ்சளையும் தாண்டி வெளுக்கத் தொடங்கும். மேற்பரப்பு நெய் தடவியதுபோல் ஈரமாக மின்னும். ஓரிரண்டு பொறிகள் தெறிக்கும். அந்த நொடியில் எடுத்தாக வேண்டும். முந்தினால் ஒட்டாது. பிந்தினால் உள்ளே இருக்கும் எஃகு மத்தாப்புபோலப் பொறி கக்கி எரிந்துவிடும். கரிச்சத்து அதிகமுள்ள எஃகு சாதா இரும்புக்கு முன்பே எரியும். எரிந்த எஃகு பிறகு எதற்கும் உதவாது.

"எடு" என்று தந்தை சொல்லவில்லை. அவருக்குத் தெரிவது ஒரு வெளிச்சக் குழம்பல் மட்டுமே. சிறுமி சக்கரத்தை நிறுத்துகிறாள். மகன் எடுத்துவிட்டான். முதல் நான்கு அடிகள் மெல்ல, ஒட்டுவதற்கு. பிறகு தாயின் முழு வீச்சு. உருகிய வெண்காரம் நான்கு பக்கமும் தெறிக்கிறது. ஆறியபின் விளிம்பைச் சுத்தியால் தட்டுகிறான். ஒரே சத்தம். ஒட்டாத இடம் இருந்தால் ஓட்டைப் பானைபோல் ஒலிக்கும். தந்தை தலையை ஆட்டுகிறார். சத்தத்தை அறிய அவருக்குக் கண் வேண்டாம்.

பிற்பகல் முழுவதும் உருவம் தீட்டும் வேலை. வெட்டுவாய் விரிகிறது. துளைக்குள் அச்சு இரும்பை அடித்து, ஒரு பக்கம் சற்று அகலமாக விடுகிறான். அகலமான பக்கத்தில் காம்புக்கு ஆப்பு அடித்தால் கோடரித் தலை கழன்று பறக்காது. பிறகு அரத்தால் ராவல்.

ஜலந்தரிலும், இதே சாலை போய்ச் சேரும் நாகௌரிலும் கைக்கருவித் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. இயந்திரச் சம்மட்டி ஒரு நிமிடத்தில் செய்வதைத் தாயும் மகனும் செய்ய அரை நாள். சந்தையும் சுருங்கிவிட்டது. டிராக்டர் வந்ததும் வண்டிச் சக்கரப் பட்டை, ஏர்க் கொழு வேலைகள் போயின. இவர்களது இன்னொரு பிழைப்பான மாட்டு வியாபாரமும் நொடித்தது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் சமையல் எரிவாயு கிராமங்களுக்குள் வந்தது. விறகுக் கோடரியின் தேவை இன்னும் குறைந்தது. எஞ்சியிருப்பது மரம் கழிக்கும் கோடரியும், சீமைக் கருவேலம் வெட்டும் கோடரியும்தான். 1940-ல் ஜோத்பூர் சமஸ்தானம் 'அரச மரபுச் செடி' என்று மகுடம் சூட்டிய அதே சீமைக் கருவேலம் இன்று ஊரையே முட்காடாக்கியிருக்கிறது. இந்த உலையில் எரியும் கரியும் அதிலிருந்து சுட்டதுதான்.

அரசாங்கத்தின் ஏடுகளில் இவர்களுக்கு இடமில்லாமல் இல்லை. நாடோடிச் சமூகங்களின் நிலையை ஆராய்ந்த ரெங்கே ஆணையம் 2008-ல் அறிக்கை கொடுத்தது; பின்னர் இதாதே ஆணையம். 2019-ல் ராஜஸ்தான் சட்டமன்றம் குஜ்ஜர், பஞ்சாரா உள்ளிட்ட ஐந்து சமூகங்களுக்கு வழங்கிய 5 சதவீத ஒதுக்கீட்டில் காடியா லோஹர்களும் உண்டு. 2022-ல் நாடோடி, அரை நாடோடி மக்களுக்கென்று ஐந்தாண்டுகளுக்கு ரூ. 200 கோடியில் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 2023 செப்டம்பரில் வந்த பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களில் கொல்லுத் தொழிலையும் சேர்த்தது: கருவி வாங்க ரூ. 15,000, இரண்டு தவணைகளில் ரூ. 3 லட்சம் வரை 5 சதவீத வட்டியில் கடன்.

சிக்கல் காகிதத்தில் தொடங்குகிறது. சாதிச் சான்றிதழுக்கு இருப்பிடச் சான்று வேண்டும். இருப்பிடம் சாலையோரம். சாலை அகலமானால் அந்த முகவரியும் போய்விடும். மகன் எட்டாம் வகுப்போடு நின்றதற்கும் காரணம் இதுவே: அவன் படித்த பள்ளிக்கூடங்கள் நான்கு, எதிலும் மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை.

அவனுக்கு வேறு வழி இருக்கிறது. டவுனில் ஒரு வெல்டிங் பட்டறையில் நான்கு மாதம் வேலை பார்த்தான், திரும்பக் கூப்பிடுகிறார்கள். தினக்கூலி நிச்சயம். "அங்கே முகமூடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெருப்பைப் பார்க்கலாம். இங்கே கறுப்புக் கண்ணாடி போட்டால் இரும்பின் நிறம் தெரியாது. வெறுங் கண்ணால்தான் பார்க்க வேண்டும்" என்கிறான். தந்தையின் பக்கம் பார்க்காமல்தான் சொல்கிறான். போவானா என்று கேட்டால், "இந்தக் கோடரி முடியட்டும்" என்பதுதான் பதில்.

சூரியன் சாயக் காத்திருந்தார்கள். தோய்ச்சலுக்குப் பளீர் வெயில் ஆகாது, நிறம் ஏமாற்றும். கோடரியின் வாயை மட்டும் உலையில் வைத்துச் செர்ரிப் பழச் சிவப்புக்குக் கொண்டு வருகிறான். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கம்பியில் கட்டி, வாயருகே காட்டுகிறான். ஒட்டவில்லை. ஏறக்குறைய 770 டிகிரியைத் தாண்டினால் இரும்பு காந்தத்துக்கு மசியாது. அதற்குச் சற்று மேலே போனதும் இரண்டு விரல் ஆழத்துக்கு வாயை எண்ணெயில் அமிழ்த்துகிறான். லாரி இன்ஜினிலிருந்து வடித்த கழிவு எண்ணெய். தண்ணீர் என்றால் ஸ்பிரிங் எஃகு வெடித்துவிடக்கூடும்.

இப்போது வாய் கண்ணாடிபோல் கடினம், கண்ணாடிபோலவே உடையும். போன வருடக் கோடரி உடைந்தது இந்த இடத்தில்தான். வாயைச் செங்கல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேல் உடலில் மிஞ்சிய சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கும். பளபளப்பின் மேல் நிறங்கள் ஊர்ந்து வரும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அதன்பின் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். மஞ்சளில் நிறுத்தினால் கோடரி உடையும். நீலத்தைத் தாண்டினால் மழுங்கும். எல்லாம் சில விநாடிகள். புரை விழுந்த கண்ணுக்கு மஞ்சளும் பழுப்பும் ஒன்றுதான்.

பழுப்பின் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்த்ததும் தண்ணீரில் முக்குகிறான். சின்னதாக ஒரு 'சொய்ங்'.

தந்தை கையை நீட்டுகிறார். கட்டைவிரலைக் குறுக்கே வைத்து வாயைத் தடவுகிறார். அரத்தை வாங்கி முனையில் ஒரு இழுப்பு இழுக்கிறார். அரம் வழுக்காமல், முழுசாகப் பிடிக்காமல், லேசாகக் கடிக்கிறது. "எந்த நிறத்தில் முக்கினாய்?"

"கத்தரிப்பூ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பாபுஜி."

"நானாக இருந்தால் இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருப்பேன்" என்கிறார் அவர். கோடரியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சௌத்ரி காய்ந்த கட்டையில்தான் போட்டுப் பார்ப்பார். கணுவில் போடச் சொல்" என்று சேர்த்துக்கொள்கிறார்.

சௌத்ரி மோட்டார் சைக்கிளில் வருகிறார். காம்பைத் தானே செருகி, ஆப்பு அடித்து, சீமைக் கருவேலக் கட்டையின் கணுவைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு போடு போடுகிறார். சில்லு பறக்கிறது. வாயைச் சாய்த்து, மிஞ்சிய வெளிச்சத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்க்கிறார். பிசிறு இல்லை. உடைந்த கோடரியை அங்கேயே விட்டுவிட்டு, தம்பிக்கு இன்னொன்று வேண்டும் என்று ரூ. 100 முன்பணம் கொடுக்கிறார். மகன் அதை வாங்கித் தாயிடம் தருகிறான்.

மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது சௌத்ரி கேட்கிறார்: "அடுத்த வருஷமும் இதே இடத்தில்தான் இருப்பீர்களா?"

பதில் சொன்னது தாய்தான். "வண்டிக்கு மாடு ஏது சௌத்ரிஜி? எங்கே போய்விடப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு, உடைந்த கோடரியை எடுத்து உலைப் பக்கம் போடுகிறார். நாளைக்கு அதன் இரும்பு வேண்டியிருக்கும்.