கை மீண்டும் அசையுமா? நரம்புப் பாதையைக் காட்டும் ஸ்கேன்

மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர் உயிர் பிழைத்ததும் நம் வீடுகளில் எழும் அடுத்த கேள்வி, "கை, கால் பழையபடி வருமா?" என்பதுதான்.

முதலில் எடுக்கும் சி.டி. ஸ்கேன், ரத்தம் எங்கே, எவ்வளவு என்று காட்டும். நரம்புப் பாதை அறுந்ததா, நசுங்கி விலகியதா என்பதை அறிய எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகையான டி.டி.ஐ. உதவுகிறது. 1994இல் பீட்டர் பாஸரும் உடன் ஆய்வாளர்களும் இம்முறையை முன்வைத்தனர். நரம்பிழையின் நெடுக்கில் நீர் எளிதாக நகரும்; குறுக்கே நகர்வது கடினம். இழை சிதைந்தால் இந்த வேறுபாடு குறையும். இதைக் கணக்கிட்டே பாதைகளைக் கணினி வரைகிறது.

கை, கால்களை இயக்கும் பாதையும் தொடுவுணர்வுப் பாதையும் மூளையின் ஆழத்தில் அருகருகே செல்கின்றன. உயர் ரத்த அழுத்தத்தால் வரும் கசிவு பெரும்பாலும் அந்த ஆழப் பகுதியில்தான் நிகழ்கிறது. இயக்கப் பாதை தப்பி, உணர்வுப் பாதை கெட்டால் கை அசையும். ஆனால் பிடித்த டம்ளர் நழுவும். அதைக் கவனக்குறைவு என்று நாம் கடிந்துகொள்ளக் கூடாது.

விலகிய பாதைக்கு, ரத்தக்கட்டி கரைந்தபின் மீளும் வாய்ப்பு அதிகம். அறுந்ததாகத் தெரிந்தாலும் படம் மட்டுமே தீர்ப்பாகாது. தொடக்க நாட்களின் வீக்கம் பாதையை மறைக்கலாம். எனவே மருத்துவர் சொன்ன பயிற்சியை நாம் கைவிட வேண்டாம்.