தீராத களைப்பு

2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியில் தோட்ட லயங்களும் மண்ணுக்குள் போயின. 2017 மே மாதத்தில் இரத்தினபுரியை வெள்ளமும் மண்சரிவும் தாக்கின. வீட்டையும் காணியையும் விட்டுப் பெயர்ந்த குடும்பங்களில், படுத்து எழும்பினாலும் அலுப்புத் தீரவில்லை என்போர் பலர். இதைச் சோம்பல் என்பது எளிது. கங்காணி சொன்னாலும் மாமியார் சொன்னாலும் அது மருந்தாகாது.

முதலில் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும். நீரிழிவு, தைரொயிட் கோளாறு, மனச்சோர்வு, எலிக்காய்ச்சலுக்குப் பின் தொடரும் பலவீனம் ஆகியவற்றையும் வைத்தியர் பார்ப்பார். மூச்சு வாங்குதல், உடம்பு மெலிதல், விடாத காய்ச்சல், செத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

இவற்றுக்குப் பின்னும் களைப்பு நீடித்தால், அறிகை நடத்தைச் சிகிச்சையிலிருந்து சில பழக்கங்களை நாமே கைக்கொள்ளலாம். ஒரு கொப்பியில் இரண்டு வாரம் குறியுங்கள்: என்ன வேலை செய்தோம், எவ்வளவு தூங்கினோம், களைப்பு 10க்கு எத்தனை. எழுதத் தெரியாதவர் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம். பலரின் கொப்பியில் ஒரே கதைதான் தெரியும். உடம்பு இலேசான நாளில் விறகு, தண்ணீர், துணி, வேலியோரத் துப்புரவு எல்லாம் ஒன்றாக. அடுத்த இரண்டு நாளும் பாயில். இதை நிறுத்த வேண்டும். மோசமான நாளிலும் தாங்கக்கூடிய அளவு இரண்டு குடம் தண்ணீர் என்றால், நல்ல நாளிலும் இரண்டு குடம்தான். களைக்குமுன் உட்காருங்கள்.

கொழுந்து குறைந்தால் சம்பளமும் குறைகிறவருக்கு இது சொல்வதுபோல் சுலபமல்ல. அவருக்கு வீட்டு வேலையில்தான் இடம் உண்டு; கணவரும் மூத்த பிள்ளைகளும் கொப்பியைப் பார்த்து வேலையைப் பங்கிட வேண்டும்.

‘இனி நான் எதற்கும் உதவமாட்டேன்’ என்று தோன்றினால் அதையும் எழுதி, பக்கத்தில் நேற்று செய்ததை எழுதுங்கள். காணி போன துக்கம் வேறு. அதைத் தவறான எண்ணம் என்று எவரும் திருத்த வரவேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. சிறிது உழைத்தாலும் மறுநாள் முழுதாக விழுந்துவிடுகிறவர்கள் வேலையை வலிந்து கூட்டக் கூடாது. நீடித்த களைப்பு நோய்க்கு இச்சிகிச்சை துணையே தவிர, குணமாக்காது என்று இங்கிலாந்தின் ‘நைஸ்’ சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையையும் கைவிட்டது.

நம் நாட்டில் பேராசிரியர் அத்துல சுமதிபாலவின் குழு 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மருத்துவக் காரணம் பிடிபடாத முறைப்பாடுகளோடு வந்தவர்களுக்கு, இச்சிகிச்சையும், வைத்தியர் ஒழுங்காக நேரம் ஒதுக்கிப் பார்த்ததும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன. கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியையும் எடுத்துப் போங்கள். அடுத்த தவணையையும் கேட்டு வாங்குங்கள்.