குதிரை லாயத்தில் வெடித்த பித்தளை! தெரியுமா?

குதிரை மூத்திரம் தோட்டாவையே பிளந்துவிடும், தெரியுமா? விளையாட்டில்லை, சத்தியம்! பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் இருந்த காலம். மழைக்காலத்தில், குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாப் பெட்டிகளைத் திறந்தால், ஒருமுறைகூடச் சுடாத தோட்டாக்களின் பித்தளைக் கழுத்தில் கீற்றுக் கீற்றாக விரிசல்! யாரும் தட்டவில்லை, யாரும் கீழே போடவில்லை. மழைப் பருவம் வந்தால் விரிசலும் வருகிறதே என்று ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921-இல் புதிரை அவிழ்த்தார்கள். குற்றவாளி, மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா! ஈரக் காற்றில் கலந்து பித்தளையிலுள்ள செம்பை அரிக்கிறது. அதுவும் கண்ட இடத்தில் அல்ல. தகட்டை இழுத்துக் குழாயாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இறுக்கம் எங்கே இருக்கிறதோ, அங்கே பார்த்துப் பிளக்கிறது.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். இன்றும் அமெரிக்காவில், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, மறுபடி மருந்து நிரப்பும் ‘ரீலோடிங்’ ஆட்கள் இந்த அம்மோனியாவுக்குத்தான் பயப்படுகிறார்கள். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. (நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் 1959 ஆயுதச் சட்டம் பிடித்துக்கொள்ளும். படித்து வியப்பதோடு நிறுத்திக்கொள்வோம்!) கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் சிலவற்றில் அம்மோனியா உண்டு. குத்துவிளக்குக்குப் பரவாயில்லை. தோட்டாக் கூட்டுக்கு அது லாயத்து வாடைதான்!

விரிசல் விட்டால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் ‘308 வின்செஸ்டர்’ ரகத் தோட்டாவுக்குள் எழும் அழுத்தத்துக்கு வகுத்திருக்கும் உச்ச வரம்பு, சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிப்பது முப்பத்துச் சொச்சம்! அந்த வேகத்தில் கூடு உப்பி, துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டி, ஒரு பொட்டு வாயுவும் பின்னால் வராமல் அடைக்கிறது (விரிசல் விட்ட கூட்டை நம்பி இப்படி அடைக்க முடியாது!). அடுத்த கணமே சுருங்கி, கழற்ற வாகாக வந்துவிடுகிறது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவைக்கு அப்படி ஒரு வளைந்துகொடுக்கும் குணம். அதனால்தான் கழுவிக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது.

சரி, எதைப் போட்டுத் துலக்குகிறார்கள் தெரியுமா? மக்காச்சோளச் சக்கை! மணி உதிர்த்த தண்டை நொறுக்கி, அல்லது வால்நட் ஓட்டைப் பொடித்து, அதிரும் தொட்டியில் கொட்டி, கூடுகளைப் போட்டு மணிக்கணக்கில் ஓடவிடுவார்கள். வெளியே எடுத்தால் தங்கம்போல மின்னும். அப்புறம்தான் வேலை! கூட்டின் அடியில் நெருப்பு பாயும் துளை சுமார் 2 மி.மீ.தான். அதில் ஒரு சோளத் துணுக்கு சிக்கிக்கொண்டால், ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும்.

இதற்குச் சலித்தவர்கள் தண்ணீருக்கு மாறினார்கள். தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, 1 மி.மீ.க்குச் சற்றே தடித்த எவர்சில்வர் ஊசித் துண்டுகள் ஆயிரக்கணக்கில், கூடவே ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம். அட, எலுமிச்சைப் புளிப்பு! புளி போட்டுப் பித்தளைக் குடம் தேய்த்த நம் பாட்டிமார் செய்த ரசாயனமும் இதேதான். புளிப்பு எதுவானாலும் கறுப்பையும் களிம்பையும் கரைக்கிறது. ஆனால் வினிகரில் போட்டு மறந்துவிட்டால் கூடு இளஞ்சிவப்பாக மாறிவிடும், தெரியுமா? பார்க்க அழகு. உண்மையில் துத்தநாகம் கழன்றோடி, பஞ்சான செம்பு மிஞ்சிய நிறம் அது. குப்பைக்குத்தான் போகணும்!

இன்னொன்று, கொஞ்சம் பயங்கரம். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மருந்தில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். சுட்ட பிறகு அது கூட்டுக்குள் கரியோடு படிந்து, சோளச் சக்கைத் தூசியாகப் பறக்கும். விவரம் தெரிந்தவர்கள் திறந்த வெளியில்தான் தொட்டியைத் திறப்பார்கள். சமையலறைத் தொட்டியில் இதைக் கழுவுகிறவரை என்னவென்று சொல்வது!

முத்தாய்ப்பாக ஓர் அதிசயம். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும். அழுக்கு என்று எவ்வளவு தேய்க்கிறார்கள் தெரியுமா? அழுக்கே இல்லை அது! கழுத்தை மட்டும் தீயில் வாட்டி, உள்ளே தங்கிய இறுக்கத்தை இளக்கியதற்கான அடையாளம். லாயத்து விரிசலுக்குக் கண்ட மருந்து இந்த வாட்டல்தான். அடிப்பாகம் சூடானால் போச்சு, அது கெட்டியாகவே இருந்தாக வேண்டும். அதனால் பழைய ரீலோடிங் ஆட்கள் கூடுகளைத் தட்டுத் தண்ணீரில் நிறுத்தி, மேலே தெரியும் கழுத்துக்கு மட்டும் தீ காட்டி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தட்டிச் சாய்ப்பார்கள். கடைத் தோட்டாக்களும் இப்படி வாட்டப்பட்டவைதான். ஆனால் கறை தெரிந்தால் வாங்குகிறவர் முகம் சுளிப்பாரே என்று கம்பெனிகள் அதைத் தேய்த்துத் துடைத்துவிட்டே பெட்டியில் போடுகின்றன!