தெருத்தண்ணி எங்கே போகுது?

மழை பெய்யும்போது தெருவில் ஓடுற தண்ணி கடைசியில் எங்கே போகும்? வாறுகாலில் இருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலில் இருந்து வைகைக்கு.

மதுரையில் செல்லூர் கண்மாய் நிறைந்தால் மறுகால் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் வைகையில் சேரும். வாய்க்காலைக் குப்பை அடைத்தால் தண்ணீர் ஊருக்குள் ஏறும். 2024 அக்டோபர் 25 பெருமழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அடைக்காத குப்பை வைகைக்குப் போகும். அந்த வைகைத் தண்ணீரைத்தான் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை விவசாயிகள் நம்பி இருக்காங்க. நாம போடுற பாலிதீன் பை அவங்க வயலுக்குப் போகலாமா?

மண் தரை தண்ணீரைக் குடிக்கும். சிமெண்ட் தரை குடிக்காது. அதனால்தான் நகரத்தில் கொஞ்ச நேர மழைக்கே வெள்ளம். இதைக் குறைக்க மழைநீர் சேகரிப்பு உதவும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமானது. ஆனால் குழியில் இருக்கும் ஜல்லி, மணலில் தூசி அடைத்தால் தண்ணீர் கீழே இறங்காது. புரட்டாசியில் அம்மாவும் நானும் எங்க வீட்டுக் குழி ஜல்லியை அள்ளி, கழுவி, திரும்பப் போட்டோம். அரை நாள் வேலைதான்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி நீங்களும் செய்யுங்க. வாறுகாலில் குப்பை போடாதீங்க!

– 9ஆம் வகுப்பு மாணவி