படபடப்பு எப்படிப் பயமாகிறது?

தேர்வு அறைக்குள் நுழையும் மாணவிக்கும் முதல்முறை மேடையேறும் பாடகருக்கும் உடம்பில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது, வயிற்றைக் கலக்குகிறது. ஒருவருக்கு அது பயம், இன்னொருவருக்கு உற்சாகம். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தவர்களுக்குப் படபடப்பைக் கையாள்வது சற்று எளிதாகும்.

உடல் முந்தியா, மனம் முந்தியா?

பயப்படுவதால் நடுங்குகிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் இதைத் தலைகீழாக்கினார். முதலில் உடல் நடுங்குகிறது. அந்த மாற்றத்தை நாம் உணர்வதுதான் பயம் என்றார். டென்மார்க் மருத்துவர் கார்ல் லாங்கேயும் மறு ஆண்டே தனியாக இதையொட்டிய முடிவுக்கு வந்தார்.

உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1927இல் இதை மறுத்தார். கோபத்திலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கிறது, பயத்திலும் அப்படித்தான். துடிப்பை மட்டும் வைத்து எது எது என்று எப்படிப் பிரித்தறிவது? நியாயமான கேள்வி.

ஒரே ஊசி, வேறு வேறு உணர்ச்சி

உளவியலாளர்கள் ஸ்டான்லி ஷாக்டரும் ஜெரோம் சிங்கரும் 1962இல் வெளியிட்ட ஆய்வு கேனனின் கேள்விக்கு விடை தேடியது. வைட்டமின் ஊசி என்று சொல்லி மாணவர்களுக்கு அட்ரினலின் போட்டார்கள். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும் என்று சிலருக்கு முன்பே சொல்லிவிட்டார்கள், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. பிறகு, குதூகலமாகவோ கோபமாகவோ நடிக்கும் ஓர் ஆளோடு உட்காரவைத்தார்கள். காரணம் தெரியாதவர்களை அந்த ஆளின் மனநிலை எளிதில் தொற்றிக்கொண்டது. ஊசியால்தான் இப்படி என்று தெரிந்தவர்கள் அவ்வளவாக அசையவில்லை. உடலின் கிளர்ச்சியோடு அதற்கு நாம் கற்பிக்கும் காரணமும் சேர்ந்தே உணர்ச்சி ஆகிறது என்றார்கள் இருவரும்.

பின்னாளில் இதைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் படபடப்புக்கு நாம் கொடுக்கும் விளக்கமே அதன் போக்கை மாற்றும் என்ற கருத்து நிலைத்துவிட்டது. 2014இல் ஆய்வாளர் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கும் பாடுவதற்கும் முன்பு ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள், ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

திடீர்ப் பீதி

இந்தக் கருத்து நோயாளிக்கு நேரடியாகப் பயன்படும் இடம் பீதித் தாக்குதல். பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் அதன் சுழற்சியை விளக்கினார். மாடி ஏறியதால் நெஞ்சு படபடக்கிறது. ‘மாரடைப்போ’ என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணமே துடிப்பைக் கூட்டுகிறது. கூடிய துடிப்பு சந்தேகத்தை உறுதியாக்குகிறது. பீதி சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகத் தணியும். ஆனால் அந்த நேரத்தில் சாவே வந்துவிட்டதுபோல் இருக்கும். அதைப் ‘பாவனை’ என்று வீட்டார் ஒதுக்குவது கொடுமை.

அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில், நாற்காலியில் சுழலவிட்டோ நின்ற இடத்தில் ஓடவிட்டோ அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். அதனால் ஆபத்து வருவதில்லை என்பதை நோயாளி தன் உடம்பிலேயே கண்டுகொள்கிறார்.

முதலில் உடலைச் சோதியுங்கள்

மனம்தான் காரணம் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். தைராய்டு மிகுதி, ரத்தசோகை, சர்க்கரை குறைவு, அதிகக் காபி எல்லாம் இதே படபடப்பைத் தரும். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக்கொட்டி மூச்சு வாங்கினால், யோசிக்காமல் 108ஐ அழையுங்கள். பரிசோதனைகளில் குறையில்லை, பீதி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ இலவச ஆலோசனை எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.