நாதம் கையிலா, கருவியிலா?

ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த ஸ்டீல் கிதாரைக் கம்பிமேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். அதன் நாதத்தை உண்டாக்குவது கையா, கருவியா?

அடிப்படைச் சுரம் 200 ஹெர்ட்ஸ் என்று கொள்ளுங்கள், மாணவர்களே. கூடவே 400, 600, 800 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களும் எழும். அதிரும் பகுதியின் சரிநடுவில் மீட்டினால் 400, 800 இரண்டும் எழா. அவற்றுக்கு அவ்விடம் கணு. ஓரத்தில் மீட்டினால் மேற்சுரங்கள் மிகுந்து ஒலி கூர்மையாகும். இது முழுக்கக் கையின் வேலை. (எஃகு நகர்ந்தால் நடுவிடமும் நகரும். பாவம், வலக்கை!)

1930களில் வந்த மின் கிதாரில், கம்பிக்கு அடியிலுள்ள காந்தச் சுருள் தனக்கு நேர்மேலே உள்ள அசைவையே உணரும். அங்கே ஒரு மேற்சுரத்தின் கணு அமைந்தால் அச்சுரம் நம் காதுக்கு எட்டாது. ஆனால் கை எழுப்பாத சுரத்தைச் சுருள் எங்கிருந்து தரும்? என் தீர்ப்பு கையின் பக்கமே. உங்கள் பள்ளிச் சுரமானியில் நடுவிலும் ஓரத்திலும் மீட்டிக் கேளுங்கள்.